முதல் சீசனை வைத்துக் கணக்கை முடிக்காதீர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே,

வணக்கம். இந்த மடலை நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ் மின்னஞ்சல் மாதிரி வந்துவிடுகிறது, கோபம் கோபமாக வர மாட்டேன் என்கிறது. உங்கள் வளாகங்களில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்துவிட்டு உங்கள் காதில் போட்டால் போதும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். புதிதாக ஒரு பேஸ்பால் பயிற்சியாளரை நியமிக்கிறீர்கள். அவருடைய முதல் சீசனைப் பார்த்துவிட்டு அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். அந்த முதல் வருஷம் அவருடையது மட்டுமல்ல. களத்தில் நிற்கும் பையன்களில் பாதிப் பேருக்கு மேல் முந்தையவர் பார்த்துப் பொறுக்கியவர்கள். விளைச்சலை எண்ணும்போது விதைத்தவர் யார் என்றும் கேட்க வேண்டாமா?

இதை எழுதத் தூண்டியது கோஸ்டல் கரோலினாவின் 2025 சீசன். தென் கரோலினாவில் கான்வே என்றொரு சின்ன ஊர். மிர்ட்டில் பீச் கடற்கரைக்குப் போகிறவர்கள் நிற்காமல் தாண்டிப் போகிற ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சேவல்தான் சின்னம். இந்த அணியை 1996 முதல் 2024 வரை, 29 சீசன், கேரி கில்மோர் என்ற ஒரே ஆள் வளர்த்தார். அவரும் அதே கல்லூரியில் ஆடியவர்தான். 2016ல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பட்டத்தை முடிவு செய்ய ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்கு அந்த அணி போனதே அதுதான் முதல்முறை. போன முதல் தடவையே கோப்பையோடு திரும்பியது. புற்றுநோயோடு சில வருஷங்கள் மல்லுக்கட்டிக்கொண்டே அணியையும் நடத்தினார். 2024தான் கடைசி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடி விலகினார்.

அடுத்து வந்தவர் கெவின் ஷ்னால். வெளியாள் இல்லை. கில்மோரிடம் கேட்சராக ஆடி, பிறகு அவரிடமே உதவிப் பயிற்சியாளராக இருந்து, நடுவில் மூன்று வருஷம் புளோரிடா பக்கம் போய்விட்டுத் திரும்பியவர். 2016ல் கோப்பையைத் தூக்கியபோதும் பக்கத்தில் நின்றவர். வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த ஆள்.

அந்த சீசனில் ஒரு மார்ச் மாத ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். போகிற வழியில், சாலையோரக் கடையில் அவித்த வேர்க்கடலை வாங்கினேன். தென் கரோலினாவில் அதுதான் அரசாங்கமே அறிவித்த மாநிலத் தீனி. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மற்றபடி நம் ருசிதான். மைதானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா, மடியில் ஸ்கோர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளியோ கோடோ போடுகிற பழைய பழக்கம். பக்கத்தின் மேலே பயிற்சியாளர் பெயர் எழுத ஒரு வரி இருந்தது. அதில் கை தன் போக்கில் ‘கில்மோர்’ என்று எழுதிவிட்டது. அப்புறம் தானே சிரித்துக்கொண்டு ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் ‘ஷ்னால்’ என்று எழுதினார். அடித்த பெயர் நன்றாகவே தெரிந்தது. அழிக்க ரப்பர் இருந்தும் அவர் அழிக்கவில்லை.

அந்தப் பக்கம்தான் சரியான ஆவணம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பெயரும் இருந்தால்தான் 2025 கணக்கு நேராகும்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். கோஸ்டல் பேட்டர் ஒருவரின் முழங்கையில் பந்து வந்து ‘டப்’பென்று விழுந்தது. நான் எழுந்தே விட்டேன். அந்தப் பையன் கையைத் தேய்த்துவிடக்கூட இல்லை. மட்டையை ஓரமாக உருட்டிவிட்டு, மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறவன் மாதிரி முதல் பேஸுக்கு ஓடினான். அணி உட்காரும் டகவுட்டில் ஹோம் ரன் அடித்ததுபோல் ஒரே கூச்சல். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இது பழக ரொம்ப நாளானது. கிரிக்கெட்டில் உடம்பில் வாங்கினால் பெரும்பாலும் வலிதான் மிச்சம். இங்கே ஓசியில் ஒரு பேஸ் கிடைக்கிறது. அந்த சீசனில் நாட்டிலேயே அதிகமுறை பந்தால் அடிவாங்கிய அணி கோஸ்டல்தான். அடிக்கத் தெரியாவிட்டாலும் விலகாமல் நிற்கத் தெரியும் என்கிற பிடிவாதம் அது. அதை ஒருவர் ஒரு வருஷத்தில் கற்றுக்கொடுத்திருக்க முடியுமா என்ன? அந்த ஊர்த் தண்ணீரிலேயே இருந்தது. ஷ்னால் அந்தக் குழாயை மூடாமல் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சரி, முடிவு என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும். சன் பெல்ட் லீகில் பட்டம், அப்புறம் லீகின் நாக்-அவுட் போட்டியிலும் பட்டம். தேசியப் போட்டியின் முதல் கட்டமான, கான்வேயிலேயே நடந்த பிராந்தியச் சுற்றில் தோல்வியே இல்லை. அடுத்த சுற்றில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போய் அவர்கள் மைதானத்திலேயே இரண்டு ஆட்டத்திலும் வெற்றி. ஒமாஹாவில் அரிஸோனா, ஒரேகான் ஸ்டேட், லூயிவில் மூன்றையும் வரிசையாகத் தட்டிவிட்டு இறுதிக்கு வந்தபோது தொடர்ந்து 26 வெற்றி. எதிரே லூயிசியானா ஸ்டேட். மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவருக்குப் பட்டம்.

முதல் ஆட்டத்தில் கேட் ஆண்டர்சன் என்ற இடதுகை பிட்சர் ஒருவரே ஒன்பது இன்னிங்ஸும் வீசி 1-0 என்று கதையை முடித்தார். மொத்த ஆட்டத்துக்கும் ஒரே ஒரு ரன், அதுவும் முதல் இன்னிங்ஸிலேயே வந்துவிட்டது. மீதி எட்டு இன்னிங்ஸும் சேவல்கள் கொத்திப் பார்த்தன, ஒன்றும் பெயரவில்லை.

இரண்டாம் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் ஷ்னால் வெளியே. வீசிய பந்து சரியாக வந்ததா இல்லையா என்கிற ‘பால், ஸ்ட்ரைக்’ தீர்ப்பைப் பற்றி அம்பயரிடம் வாதாடினார் என்று அனுப்பிவிட்டார்கள். கூடவே முதல் பேஸ் பக்கம் நிற்கும் உதவிப் பயிற்சியாளரையும். அந்தக் களேபரத்தில் ஓர் அம்பயர் தடுமாறிக் கீழே விழுந்தது வேறு. என்னைக் கேட்டால், வருஷத்தின் கடைசிக் கட்ட ஆட்டத்தில், முதல் இன்னிங்ஸிலேயே அந்த அம்பயர் அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம். ஷ்னாலும் அந்த இரண்டு அடியை எடுத்து வைத்திருக்க வேண்டாம். பயிற்சியாளர் இல்லாமல் பையன்கள் மீதி ஆட்டத்தை ஆடி 5-3 என்று தோற்றார்கள். அதுவரை அந்த சீசனில் தோல்வியே காணாத ஜேக்கப் மாரிசன் வீசிய ஆட்டம் அது. மொத்தத்தில் 56 வெற்றி, 13 தோல்வி. தலைமைப் பயிற்சியாளராக ஒருவருக்கு முதல் வருஷத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது நான் உங்களுடைய கூட்ட அறைக்கு வருகிறேன். அங்கே யாரோ ஒருவர் இந்த 56-13ஐ எடுத்து வைத்து, ‘நமக்கும் இப்படி ஒரு ஷ்னால் வேண்டும்’ என்று ஆரம்பித்திருப்பார். உள்ளிருந்த உதவிப் பயிற்சியாளரை உயர்த்தினால் முதல் வருஷமே இறுதிப் போட்டி என்று ஒரு சூத்திரமும் தயாராகியிருக்கும். தயவுசெய்து அந்தத் தாளை மடித்து வையுங்கள். அந்த அணியின் கேட்சர் கேடன் போடீன், தொழில்முறை அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும் டிராஃப்டில் 2025ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 30வது ஆளாக எடுத்தவர், 2023லேயே கில்மோரின் அணியில் சேர்ந்தவர். அவரைச் சேர்த்ததில் உதவியாளராக இருந்த ஷ்னாலுக்கும் பங்கு இருக்கலாம், அதை யாரும் மறுக்கவில்லை. யாருடைய பங்கு எவ்வளவு என்று தராசு வைத்து நிறுக்க முடியாது என்பதுதான் என் வாதமே.

சந்தேகமாக இருந்தால் அந்த இறுதியில் எதிர் டகவுட்டில் நின்றவரைப் பாருங்கள். ஜே ஜான்சன். 2016ல் கில்மோரின் கோஸ்டல் யாரைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியது? அரிஸோனாவை. அரிஸோனாவுக்கு அப்போது யார் பயிற்சியாளர்? இதே ஜே ஜான்சன். நெவாடாவிலிருந்து வந்து அங்கே அவருக்கு அது முதல் சீசன்! மூன்று ஆட்ட இறுதியில் முதலாவதை 3-0 என்று ஜெயித்து, பிறகு 5-4, 4-3 என்று இரண்டையும் ஒரே ரன்னில் விட்டார். ஒன்பது வருஷம் கழித்து அதே ஊரில், அதே கோஸ்டல். இந்த முறை முதல் சீசன் ஆள் எதிர்ப்பக்கம். இதைக் கதையில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

சரி, 2016க்குப் பிறகு அரிஸோனாவில் ஜான்சனுக்கு என்ன நடந்தது? மறுவருஷம் பிராந்தியச் சுற்றோடு சரி. 2018லும் 2019லும் தேசியப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை. 2021ல்தான் மறுபடி ஒமாஹா. முதல் சீசனை மட்டும் பார்த்தவருக்கு அவர் மேதை. மூன்றாவது, நான்காவதைப் பார்த்தவருக்கு ‘ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்தவர்’. இரண்டு பேரும் தவறு.

அதே மனிதர் 2021 கோடையில் லூயிசியானா ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே முதல் சீசன் 2022: 40 வெற்றி, 22 தோல்வி, ஹேட்டிஸ்பர்க்கில் சதர்ன் மிஸ்ஸிஸிப்பியிடம் தோற்றுப் பிராந்தியச் சுற்றிலேயே மூட்டை கட்டியது. ஒமாஹா போகாத வருஷத்தைத் துக்கம் அனுஷ்டிக்கிற ஊர், லூயிசியானா ஸ்டேட் இருக்கும் பேட்டன் ரூஜ். முதல் சீசன்தான் அளவுகோல் என்றால் அங்கேயே அவர் கதை முடிந்திருக்க வேண்டும். மறுவருஷமே, 2023ல், பட்டம். 2025ல் இன்னொன்று.

2023 அணியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த வருஷ டிராஃப்டில் முதல் இரண்டு இடமும் அவர்களுக்கே. முதலிடம் பால் ஸ்கீன்ஸ், விமானப்படை அகாதமியிலிருந்து மாறி வந்தவர், ஜான்சன் கொண்டுவந்தவர். இரண்டாமிடம் டிலன் க்ரூஸ், 2021லேயே அங்கே ஆடிக்கொண்டிருந்தவர், முந்தைய பயிற்சியாளர் பால் மெய்னியரி விட்டுப்போன சொத்து. வருஷம் இரண்டு ஆகியும் கணக்கில் பழையவர் கையெழுத்து இருக்கிறது பாருங்கள்.

இனி வலிக்கிற கதை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம்.

2024 ஜூன் 24 இரவு, ஒமாஹா இறுதியின் மூன்றாம் ஆட்டத்தில் டென்னஸியிடம் 6-5 என்று அவர்கள் தோற்றார்கள். பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகலிடம் நிருபர் ஒருவர், நீங்கள் பரம எதிரியான டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறீர்களாமே என்று கேட்டார். அவர் சீறினார். இனி வேறு வேலைக்கே போகக்கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன் என்றார். மறுநாள் டெக்சஸுக்குப் போய்விட்டார். கண்ணீர் காயவே இல்லை, நாற்காலி காலி. (அவரை அழைத்தவர் உங்களில் ஒருவர்தான். இருவருக்கும் முந்தைய கல்லூரியிலிருந்தே பழக்கம். தொழில் அப்படித்தான் என்பீர்கள். சரி.)

பயிற்சியாளர் மாறினால் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாற 30 நாள் கதவு திறக்கும் என்பது அப்போதைய விதி. அந்த ஒரு மாதம் அங்கே பெற்றோர் யாராவது ஒழுங்காகத் தூங்கியிருப்பார்களா? பேட்டிங் பயிற்சியாளர் மைக்கேல் எர்லியும் முதலில் பெரியவரோடு டெக்சஸுக்குக் கிளம்பிவிட்டவர். சில நாளிலேயே அவரைத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நட்சத்திரப் பையன் ஜேஸ் லாவியலெட் தங்கிவிட்டார். 2025 தொடங்கும் முன் நாட்டின் தரவரிசைகளில் முதலிடம். உள்ளிருந்து உயர்ந்த ஆள், பழைய பையன்கள், முதலிடம் என்று உங்கள் சூத்திரத்தில் கேட்ட சாமான் எல்லாம் இருந்தது.

30 வெற்றி, 26 தோல்வி. தேசியப் போட்டிக்கு அழைப்பே வரவில்லை.

இதே வருஷம்தான் கான்வேயில் 56-13. இரண்டு பேருமே முன்பு உதவியாளர்கள், இரண்டு பேருக்குமே முதல் வருஷம். ஷ்னால் கெட்டிக்காரர், எர்லி லாயக்கில்லாதவர் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், நிறையப் பேர் முடித்தும்விட்டார்கள். என்னால் முடியவில்லை. ஷ்னாலுக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி வைத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார் ஒருவர். எர்லிக்குக் கிடைத்தது ஓடு பிய்ந்த வீடு, மழைக்காலம், வெளியில் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம். சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கேவின் கிராஹோவாக் என்ற முக்கியமான பேட்டர் தோள் காயத்தில் போய்விட்டார். லாவியலெட் கடைசியில் லீக் போட்டியில் கை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்த கையோடு அடுத்த ஆட்டத்தில் வந்து நின்றார். பயிற்சியாளர் மேல் நம்பிக்கை செத்துப்போன அணியில் ஒரு பையன் அப்படி வந்து நிற்க மாட்டான். இதை உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

ஷ்லாஸ்நேகலின் முதல் டெக்சஸ் சீசனையும் விடக்கூடாது. புதிதாகச் சேர்ந்த தென்கிழக்கு லீகில் எடுத்த எடுப்பிலேயே பட்டம், 22-8. அப்புறம் தேசியப் போட்டியில், சொந்த மைதானத்தில், சான் அன்டோனியோவிலிருந்து பஸ் பிடித்து வந்த பக்கத்து ஊர் அணியிடம் இரண்டு முறை தோற்று வெளியே. இதை எந்தப் பக்கம் வரவு வைப்பது? யாரும் சொல்ல மாட்டார்கள்.

டோனி விட்டெல்லோவைப் பற்றிச் சுருக்கமாக. டென்னஸியில் அவருடைய முதல் சீசன் 2018ல் 29-27. பார்த்தால் சாதாரணப் பாஸ் மார்க். மறுவருஷமே 2005க்குப் பிறகு முதல்முறையாகத் தேசியப் போட்டிக்கு அந்த அணி போனது. 2024ல், அந்த ஏ அண்ட் எம் அணியைத் தோற்கடித்தே, பட்டம். 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை மேனேஜராகவே கூட்டிக்கொண்டு போனது. தொழில்முறை அணி எதிலும் வேலை பார்க்காத கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் நேராக அந்த நாற்காலிக்குப் போனது அதுவே முதல்முறை. 29-27ஐப் பார்த்து முகம் சுளித்து அனுப்பியிருந்தால்? அன்றைய இயக்குநர் பொறுத்தார். விட்டெல்லோ போனதும் அங்கே உள்ளிருந்த ஜாஷ் எலாண்டரை உயர்த்தியிருக்கிறார்கள். அவருக்கும் அதே பொறுமை கிடைக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்வேன், அவருடைய முதல் சீசன் எப்படிப் போனாலும்.

நீங்கள் கேட்கலாம், முதல் சீசனைப் பார்க்காமல் வேறு எதைத்தான் பார்ப்பது என்று. பாருங்கள், ஆனால் வெற்றி தோல்விப் பட்டியலை அல்ல. முந்தையவர் சேர்த்த பையன்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று பாருங்கள். பெஞ்சில் உட்காருகிற நான்காம் வருஷப் பையன் இன்னும் டகவுட்டில் கத்துகிறானா, இல்லை போனைப் பார்க்கிறானா என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஸ்டாண்டில் ஐந்நூறு பேர்கூட இல்லாத ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், ஆறு ரன் பின்னால் இருக்கும்போது தரையில் உருளும் சாதாரணப் பந்துக்கு பேட்டர் முழு மூச்சாக ஓடுகிறானா? அது ஒன்று போதும், எனக்கு மற்ற புள்ளிவிவரம் வேண்டாம். ஆனால் அதற்கு நீங்கள் செவ்வாய்க்கிழமை மைதானத்துக்கு வர வேண்டும். அங்கே உங்களை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இப்போது வேறு பணம் புழங்கும் காலம். அணிக்கு மொத்தம் 11.7 உதவித்தொகை என்றிருந்ததைப் பிய்த்துப் பிய்த்து 27 பேருக்குப் பங்கு வைத்த காலம் போய், 2025 ஜூலையிலிருந்து அணிக்கு 34 பேர், விரும்பினால் எல்லோருக்கும் முழு உதவித்தொகை என்று ஆகிவிட்டது. (அந்தப் புள்ளி ஏழு பையன் யார் என்று என் பிள்ளை கேட்டான். கடைசிவரை பதில் சொல்ல முடியவில்லை.) புதிதாக வருகிறவர் ஒரே கோடையில் பாதி அணியை மாற்றிவிட முடியும் என்பதால் ‘முதல் வருஷமே முடிவு காட்டு’ என்கிற அவசரம் உங்களுக்கு இன்னும் கூடும். ஆளை மாற்றலாம். முழங்கையில் பந்து வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடுவதைப் வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் போர்ட்டலில் விலைக்கு வாங்க முடியாது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். புதிய பயிற்சியாளரிடம் போடும் ஒப்பந்தத்தில், மூன்றாவது சீசன் முடியும் வரை நீட்டிப்பும் இல்லை, நீக்கமும் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். பண முறைகேடோ, பையன்களிடம் கைநீட்டலோ இருந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே அனுப்புங்கள். போகிறவர் கில்மோரைப் போல ஒரு வருஷம் முன்பே சொல்லிவிட்டால் அவரோடே உட்கார்ந்து அடுத்தவரைத் தேடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறவராக இருந்தால், ஏஜென்டுக்குப் போன் போடும் முன் பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். செய்தி அவர்களுக்கு நிருபரின் பதிவிலிருந்து வரக்கூடாது.

வேறு ஒன்றுமில்லை. எந்தச் செவ்வாய்க்கிழமையாவது கான்வே பக்கம் வந்தால் சொல்லுங்கள், கடலை வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் பேஸ் பக்கம், மேலிருந்து நான்காம் வரிசையில் உட்காரும் ஒரு தமிழன்